கோதுமைக் கணக்கில் வந்த புத்தகம்

முதல் நாள்: செவ்வாய், 15 அக்டோபர் 2019

காலை எட்டரைக்கு வியன்னாவில் ரயில் ஏறினேன். இது ஆஸ்திரியா வியன்னா இல்லை, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வர்ஜீனியாவில் இருக்கிற ஊர். ஆரஞ்சு ரயில் இங்கிருந்துதான் கிளம்புகிறது. மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "அம்மா, எங்கேயும் வண்டி மாற வேண்டாம். கேபிடல் சவுத் வந்ததும் இறங்கிடு" என்று நாலு தடவை சொன்னாள். நயாகரா, நியூயார்க் என்று மாப்பிள்ளை பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் பார்க்கலாம், ஆனால் நாலு நாள் எனக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வேண்டும் என்று வந்த அன்றே சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருடம் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்' என்ற பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த காலத்திலிருந்து அதைப் பார்க்க ஆசை.

நிலையத்திலிருந்து மேலே வந்து முதலாம் தெருவில் ஏற்றமாக நடந்தால் இடது கையில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகக் கட்டடம், வலது கையில் நூலகத்தின் மேடிசன் கட்டடம். இன்னும் கொஞ்சம் போனால் ஜெஃபர்சன் கட்டடம். அதன் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் நேர் எதிரே கேபிடல், அதாவது நாடாளுமன்றம். நடுவில் ஒரு தெருவும் கொஞ்சம் புல்தரையும்தான். சட்டம் போடுகிற இடமும் படிக்கிற இடமும் இப்படி எதிர் வீடு மாதிரி இருப்பதைப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. பூமிக்கு அடியில் இரண்டுக்கும் சுரங்கப் பாதையும் உண்டு.

முதல் வேலையாக மேடிசன் கட்டடத்தில் வாசகர் அட்டை வாங்கினேன். பாஸ்போர்ட்டைக் காட்டினேன், கணினியில் விவரம் பதிந்தேன், படம் எடுத்தார்கள், அட்டை கையில். கட்டணம் கிடையாது, காப்புத்தொகை கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது. பதினாறு வயது நிரம்பிய யார் வேண்டுமானாலும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், இந்த அட்டையோடு உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். புத்தகத்தை வீட்டுக்கு மட்டும் கொண்டுபோக முடியாது. அந்த உரிமை நாடாளுமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள் போன்ற சிலருக்குத்தான்.

அப்புறம் ஜெஃபர்சன் கட்டடம். 1897 நவம்பர் 1 அன்று திறந்தது. உள்ளே நுழைந்ததும் இருக்கிற பெரிய கூடத்தைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு கட்டுரை ஆகிவிடும். வெள்ளைப் பளிங்கு, ஓவியம், பொன்வண்ணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டன்பர்க் பைபிள் இருக்கிறது, ஐரோப்பாவில் எழுத்துக் கோத்து அச்சடித்த முதல் பெரிய புத்தகம். தோலில் அச்சிட்டுக் குறையில்லாமல் முழுசாகக் கிடைத்த மூன்று பிரதிகளில் ஒன்று. 1930இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், பணம் ஒதுக்கி வாங்கியது. எழுத்தின் கறுப்பு இன்றைக்கு அடித்த மை மாதிரி இருக்கிறது.

பையையும் கோட்டையும் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு பெரிய வாசிப்பறைக்குள் போனேன். எண்கோண வடிவ அறை. நடுவில் நூலகர்களின் உயரமான மேசை, அதைச் சுற்றி வட்ட வட்டமாக வாசகர் மேசைகள். பேச்சுக்குரலே இல்லை. நாற்காலி நகர்வது, பக்கம் புரள்வது, அவ்வளவுதான். தலையைத் தூக்கினால் 160 அடி உயரத்தில் குவிமாடம். அதன் விளிம்பில் எட்வின் பிளாஷ்ஃபீல்டு தீட்டிய பன்னிரண்டு உருவங்கள், ஒவ்வொன்றும் மனித நாகரிகத்துக்கு ஒரு கொடை தந்த நாடு அல்லது காலம். எகிப்து எழுத்தைத் தந்தது, கிரேக்கம் தத்துவத்தைத் தந்தது, இஸ்லாம் இயற்பியலைத் தந்தது, ஜெர்மனி அச்சுக்கலையைத் தந்தது என்று வரிசையாகப் போய் அமெரிக்காவில் முடிகிறது. ஒவ்வொன்றாக எண்ணினேன். இந்தியா இல்லை, சீனாவும் இல்லை. 1890களில் வாஷிங்டனிலிருந்து பார்த்தபோது உலகம் அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சுவரில் விட்ட இடத்தை அலமாரியில் பின்னால் வந்தவர்கள் நிரப்பினார்கள். அதைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

திரும்பும்போது ரயில் நிறையச் சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி. இன்று இரவு உள்ளூர் பேஸ்பால் அணிக்கு முக்கியமான ஆட்டமாம்.

இரண்டாம் நாள்: புதன், 16 அக்டோபர்

இன்று முழுக்க ஒரே மனிதரின் புத்தகங்கள்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 1800 ஏப்ரல் 24 அன்று அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் 5,000 டாலர் ஒதுக்கினார்கள். தலைநகரம் அப்போதுதான் பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறிக்கொண்டிருந்தது. வாஷிங்டன் அன்று பாதி சதுப்பு, பாதி கட்டுமானம். படிக்க ஒரு நூலகம் கிடையாது. அதனால் உறுப்பினர்களின் பயன்பாட்டுக்கு என்று லண்டனில் சொல்லி 740 புத்தகமும் 3 வரைபடமும் வரவழைத்தார்கள். கேபிடலுக்குள்ளேயே வைத்தார்கள். பெரும்பாலும் சட்டம், வரலாறு. நம் ஊர் வக்கீல் அலுவலகத்து அலமாரி மாதிரிதான் இருந்திருக்கும்.

1812இல் பிரிட்டனோடு போர் வந்தது. 1813இல் அமெரிக்கப் படை கனடாவின் யார்க் நகருக்குள் புகுந்தபோது (இன்றைய டொரோண்டோ) அங்கே இருந்த நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, நூலகம் கொள்ளை போனது. 1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் வந்து கேபிடலைக் கொளுத்தியது. உள்ளே இருந்த சுமார் 3,000 புத்தகமும் போயிற்று. ஒரே ஒரு கணக்குப் புத்தகத்தை, 1810ஆம் ஆண்டின் வரவு செலவு, பிரிட்டிஷ் தளபதி காக்பர்ன் நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டு போனார். 126 வருடம் கழித்து 1940இல் ஒரு பழம்புத்தக வியாபாரி அதைத் தேடிப் பிடித்து நூலகத்துக்கே திருப்பிக் கொடுத்தார்.

எரிந்த நூலகம் என்று எழுதும்போது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1981. தொண்ணூற்றேழாயிரம் புத்தகம், ஏடு. என்னோடு வேலை பார்த்த மூத்த நூலகர் ஒருவர் அந்தச் செய்தித்தாளை மடித்துப் பல வருடம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

சரி, வாஷிங்டனுக்கு வருகிறேன். கேபிடல் எரிந்த சில வாரத்தில், பதவியிலிருந்து ஓய்வு பெற்று மலைமேல் மாண்டிசெல்லோ வீட்டில் இருந்த முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் ஒரு கடிதம் எழுதினார். என் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் என்ன விலை வைக்கிறீர்களோ அது சம்மதம் என்று. ஐம்பது வருடச் சேகரிப்பு, 6,487 பிரதிகள். அன்றைக்கு அந்த நாட்டிலேயே பெரிய தனியார் சேகரிப்புகளில் ஒன்று. அவருக்குக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

காங்கிரஸில் பெரிய சண்டை. இதில் பாதி வேற்று மொழிப் புத்தகம், நமக்கு எதற்கு? தத்துவமும் சமையலும் கவிதையும் சட்டசபைக்கு எதற்கு? மதத்தைக் கேலி செய்த பிரெஞ்சுக்காரர் வால்டேரை மக்கள் காசில் வாங்குவதா? கடைசியில் வாக்கெடுப்பில் 81க்கு 71. பத்து வாக்கு வித்தியாசத்தில்தான் இந்த நூலகம் இன்றைய நூலகம் ஆனது. விலை 23,950 டாலர். 1815 வசந்தத்தில் பத்து வண்டிகளில் புத்தகங்கள் மலை இறங்கின.

அந்த எதிர்ப்புக்கு விடையாகவும் ஜெஃபர்சனின் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தேடிப் பார்க்க நேராத பொருள் என்று எதுவுமே கிடையாது என்பது அதன் சாரம். நான் இதை மூன்று முறை படித்தேன். சட்டம் போடுகிறவனுக்கு மீன் பற்றியும் தெரிய வேண்டும், மருந்து பற்றியும் தெரிய வேண்டும், வேறொரு நாட்டுக்காரன் என்ன பாடுகிறான் என்றும் தெரிய வேண்டும். அப்படி என்றால் நூலகத்துக்கு எல்லை எங்கே? இங்கே இன்று 17 கோடிக்கு மேல் நூலும் ஆவணமும் படமும் ஒலிப்பதிவும் இருப்பதற்கும், சுமார் 470 மொழிகள் இருப்பதற்கும் விதை அந்த ஒரு வரிதான்.

அந்தப் புத்தகங்களை மாடியில் ஒரு அறையில் வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால். நாம் வட்டத்துக்கு நடுவில் நிற்கிறோம். அகர வரிசை இல்லை. ஜெஃபர்சன் வைத்திருந்த முறையிலேயே நினைவு, அறிவு, கற்பனை என்று மூன்று பெரும் பிரிவு. அதாவது வரலாறு, தத்துவம், கலை. அதற்குள் 44 உட்பிரிவு. நூலகருக்கு இதைவிடச் சுவையான காட்சி வேறில்லை. ஒருவர் புத்தகத்தை அடுக்கும் முறையைப் பார்த்தால் அவர் உலகத்தை எப்படி அடுக்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் சில புத்தகங்களிலிருந்து பச்சை நாடா நீட்டிக்கொண்டிருக்கிறது. அது ஜெஃபர்சன் கைப்பட்ட அசல் பிரதி. தங்க நிற நாடா இருந்தால், அண்மையில் உலகம் பூராவும் தேடி அதே பதிப்பை வாங்கி வைத்தது. நாடா இல்லாதவை, இதே நூலகத்தின் மற்ற அடுக்குகளிலிருந்து எடுத்து வைத்த அதே பதிப்புகள். இன்னும் கிடைக்காத புத்தகத்துக்கு அதன் இடத்தில் ஒரு வெள்ளை அட்டைப் பெட்டி நிற்கிறது. ஏன் இவ்வளவு குறைந்தது என்றால் இன்னொரு தீ. 1851 டிசம்பர் 24 காலை, கேபிடலில் புகைபோக்கிக் கோளாறால் பற்றிக்கொண்டது. 55,000 புத்தகத்தில் 35,000 சாம்பல். ஜெஃபர்சன் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அதில் போயிற்று. அதற்கப்புறம் கட்டிய அறையை முழுக்க வார்ப்பிரும்பில் கட்டினார்கள், அலமாரி உட்பட.

நான் அந்த வெள்ளைப் பெட்டிகளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்து, கணக்கு முடித்து, மறந்துவிடுவோம். இவர்கள் நூற்றைம்பது வருடம் கழிந்தும் காலி இடத்தை மூடாமல், இன்னும் தேடுகிறோம் என்று எல்லோருக்கும் காட்டி வைத்திருக்கிறார்கள். இதுதான் முறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனித சமத்துவத்தை அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய அதே ஜெஃபர்சன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அந்தப் பணமும் ஓய்வும்தான் இந்தப் புத்தகங்கள். வட்டத்துக்குள் நிற்கும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள்: வியாழன், 17 அக்டோபர்

காலையில் கேபிடலில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. மேரிலாந்து உறுப்பினர் எலைஜா கம்மிங்ஸ் விடியற்காலையில் இறந்துவிட்டார் என்று ரயிலிலேயே பேசிக்கொண்டார்கள். அதிபர் டிரம்ப் மீதான பதவி நீக்க விசாரணையில் ஒரு முக்கியக் குழுவின் தலைவர் அவர். தெரு முழுக்கத் தொலைக்காட்சி வண்டிகள்.

அந்த உறுப்பினர்களுக்கு விவரம் தேடிக் கொடுக்கிறவர்கள் மேடிசன் கட்டடத்தில் இருக்கிறார்கள். காங்கிரஸ் ஆய்வுப் பிரிவு என்று பெயர். நம்மால் உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து பார்த்தேன், சாதாரண அலுவலக ஜன்னல்கள்தான். ஆனால் நூலகம் என்ற சொல்லுக்கு ஒரு புது அர்த்தம் கொடுத்த இடம் அது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1901இல் சார்லஸ் மெக்கார்த்தி என்பவர் சட்டமன்றத்துக்கு என்று ஒரு சிறிய தகவல் நூலகம் நடத்தினார். மசோதா எழுதும் உறுப்பினர் கேட்டால், மற்ற ஊர்களில் இதே சட்டம் என்ன ஆயிற்று என்று தேடி எடுத்துக் கொடுப்பது வேலை. அது நன்றாக நடப்பதைப் பார்த்து அதே மாநிலத்து செனட்டர் லா ஃபோலெட் வாஷிங்டனிலும் வேண்டும் என்றார். 1914இல் வந்தது. 1970இல் இன்றைய பெயர். சுமார் 600 பேர் வேலை செய்கிறார்கள். வக்கீல், பொருளாதாரம் படித்தவர், விஞ்ஞானி, நூலகர் எல்லோரும் உண்டு.

இவர்கள் எழுதும் அறிக்கையில் 'இதைச் செய்யுங்கள்' என்று இருக்காது. இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு, முன்பு இப்படி நடந்தது, தேர்வு உங்களுடையது. ஆளுங்கட்சி கேட்டாலும் எதிர்க்கட்சி கேட்டாலும் ஒரே விவரம்தான். பல காலம் இந்த அறிக்கைகள் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் போயின. வரி கட்டுகிறவன் பார்க்க வேண்டும் என்றால் தன் உறுப்பினரைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாரிடம் காசு கொடுக்க வேண்டும். சென்ற வருடம், 2018இல்தான், எல்லோருக்கும் இணையத்தில் திறந்துவிடச் சட்டம் வந்தது. நூறு வருடம் தாமதம் என்பேன் நான். இப்போது அதிபரைப் பதவி நீக்கும் நடைமுறை பற்றியும், இந்தியாவோடு உறவு பற்றியும் நம் வீட்டிலிருந்தே படிக்கலாம். தில்லியில் நம் நாடாளுமன்ற நூலகமும் 1921இலிருந்து இருக்கிறது, ஆய்வுப் பிரிவும் உண்டு. உறுப்பினர்கள் எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவுதான் அந்தப் பிரிவு வளரும்.

மதியம் பின்பக்கத் தெருவில் இருக்கும் ஆடம்ஸ் கட்டடத்துக்குப் போனேன். 1939இல் திறந்தது. வாசலில் உயரமான கதவுகள். உலகத்துக்கு எழுத்தைக் கொடுத்தவர்கள் என்று பல நாட்டுக் கதைகளில் வருகிறவர்களை அதில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார் லீ லாரி என்ற சிற்பி. எகிப்தின் தோத், சீனத்தின் ட்சாங் சியே, அமெரிக்கப் பழங்குடியினரின் செரோக்கி மொழிக்கு எழுத்து கண்ட செக்வோயா. அந்த வரிசையில் நம் பிரம்மன்! பெரிய வாசிப்பறைக் குவிமாடத்தில் இல்லாத இந்தியா நாற்பது வருடம் கழித்துக் கதவுக்கு வந்துவிட்டது. நம் ஊரில் பிரம்மன் என்றால் தலையெழுத்து எழுதுகிறவர், கையில் ஏட்டோடு இருப்பவள் சரஸ்வதி. கதவைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

அப்புறம்தான் நான் எதற்காக வந்தேனோ அந்த வேலை. ஜெஃபர்சன் கட்டடத்திலேயே ஆசிய வாசிப்பறை இருக்கிறது. நான் தேடியது ஒரு சின்னப் புத்தகம். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளித் தமிழையா 1967இல் தன் மனைவியின் வளையலை வைத்துப் பணம் திரட்டி அச்சிட்ட கவிதைத் தொகுதி. அவர் குடும்பத்தார் ஊரில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். எங்கள் கிளை நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே பாதி செல்லரித்திருந்தது. சில வருடத்தில் கழித்துவிட்ட புத்தகங்களோடு அதுவும் போனது. கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஐயா வீட்டிலும் பிரதி இல்லை. ஒரு வெள்ளத்தில் போய்விட்டது.

கணினியில் தலைப்பைத் தட்டினேன். ஒன்றுமில்லை. மாற்றி மாற்றித் தட்டினேன். ஒன்றுமில்லை. மேசையில் இருந்த நூலகர் அம்மா எழுந்து வந்து ஒரு தாளை முன்னால் வைத்தார். தமிழ் எழுத்துக்கு ஆங்கில எழுத்து எது என்று சொல்லும் அட்டவணை. அதன்படி நம் 'க' எங்கு வந்தாலும் 'கே' ஒன்றுதான், 'ஜி' கிடையாது. 'த'வுக்கு 'டி' மட்டும், பின்னால் 'எச்' சேர்க்கக் கூடாது. 'ச' எப்போதும் 'சி'. 'ழ' என்றால் 'இசட் எச்' இல்லை, 'எல்' போட்டு அடியில் ஒரு கோடு. நாம் காதால் எழுதுகிறோம், அவர்கள் கண்ணால் எழுதுகிறார்கள். எந்தத் தமிழ் எழுத்திலிருந்து வந்தது என்று திரும்பிப் போக முடிகிற மாதிரி அமைத்த முறை. புரிந்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது: 'கவிதைகள்' என்ற சொல்லை யார் எப்படி உச்சரித்தாலும் பட்டியலில் அது ஒரே இடத்தில்தான் இருக்கும்.

அந்த முறையில் தட்டினேன். வந்தது. தலைப்பு, ஐயாவின் பெயர், 1967, 48 பக்கம், எங்கள் பக்கத்து ஊர் அச்சகத்தின் பெயர். பகுப்பு எண் பி.எல். 4758.9 என்று தொடங்கியது. தமிழ் இலக்கியத்தின் தனி ஆசிரியர்களுக்கு இந்த நூலகம் ஒதுக்கிய எண் அது. ஊரில் ஒரு தெருவுக்குள் அடங்கிப் போன மனிதருக்கு இங்கே ஒரு முகவரி இருந்திருக்கிறது. நான் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

புத்தகம் இந்தக் கட்டடத்தில் இல்லை. மேரிலாந்தில் ஃபோர்ட் மீட் என்ற இடத்தில் இருக்கும் கிடங்கிலிருந்து நாளைக்கு வரும் என்றார்கள்.

நான்காம் நாள்: வெள்ளி, 18 அக்டோபர்

சீக்கிரமே வந்துவிட்டேன். வண்டி வரும்வரை உட்கார்ந்து, அந்தப் புத்தகம் இங்கே எப்படி வந்தது என்று படித்தேன்.

கோதுமையில் வந்தது.

எங்கள் தலைமுறைக்கு முந்தையவர்களுக்கு பி.எல். 480 என்றால் தெரியும். 1954இல் அமெரிக்காவில் வந்த 'பப்ளிக் லா 480' என்ற சட்டம். நேற்றுப் பார்த்த பகுப்பு எண்ணின் பி.எல். வேறு, இது வேறு. அவர்களிடம் விளைச்சல் மிஞ்சிக் கிடந்தது, நமக்குப் பஞ்சம். டாலர் கொடுக்க நம்மிடம் வழியில்லை என்பதால் கோதுமைக்கு ரூபாயிலேயே விலை வாங்கிக்கொண்டார்கள். 1965, 66 வறட்சியில் கப்பல் வந்து இறங்கினால்தான் ரேஷன் என்ற நிலை. எங்கள் வீட்டில் அம்மா அந்தக் கோதுமையை ரவையாக உடைத்துக் கஞ்சி காய்ச்சுவார். அரிசிச் சோறு கேட்டு நாங்கள் அழுதது நினைவிருக்கிறது.

அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் குவிந்தது. வெளியே கொண்டுபோகவும் முடியாது. 1974இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் அதில் பெரும் பகுதியை, 1,664 கோடி ரூபாயை, ஒரே காசோலையாக இந்திய அரசுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அதற்கு முன்னாலேயே நடந்த ஒரு காரியம்தான் எனக்கு முக்கியம். 1958இல் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் டிங்கெல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார். இந்த மாதிரி வெளிநாட்டுப் பணத்தில் அந்தந்த நாட்டுப் புத்தகங்களை வாங்கலாம் என்று. 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தில்லியில் ஒரு அலுவலகம் திறந்தது. இந்திய மொழிகள் படித்தவர்களை வேலைக்கு வைத்து, மொழிவாரியாக அச்சாகும் நூல்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். நாவல், கவிதை, அரசாங்க அறிக்கை, பத்திரிகை எல்லாம். ஒரு பிரதி வாஷிங்டனுக்கு, மற்றவை சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு. இன்று அமெரிக்காவில் தமிழ் படிக்கிறவர்கள் எடுக்கும் அந்தக் காலத்து நூல்களில் பல அப்படிப் போனவைதான். அந்த அலுவலகம் இன்றும் தில்லியில் இருக்கிறது, இப்போது டாலர் கணக்கில்.

ஆக, நாங்கள் அழுதுகொண்டே குடித்த கஞ்சிக்குக் கொடுத்த ரூபாயில் ஒரு சிறு துளி, எங்கள் ஊர்த் தமிழையாவின் கவிதையை வாங்கியிருக்கிறது. யாரோ ஒரு தமிழ் தெரிந்த பணியாளர் இந்த மெல்லிய புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இதுவும் போகட்டும் என்று பொதியில் வைத்திருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நன்றி.

நம்மிடமும் நல்ல சட்டங்கள் உண்டு. 1948இலேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது, சுதந்திர இந்தியாவில் முதலாவது, அதற்குப் பின்னால் நூலகத் துறை மேதை ரங்கநாதன் இருந்தார். இன்றும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி கட்டுகிறோம். அச்சிட்ட ஒவ்வொரு நூலையும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1954இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஐயாவுக்கு அது தெரியாது, அவர் புத்தகத்தை அடித்த அச்சகக்காரருக்கும் தெரிந்திருக்காது, ஊரில் யாரும் சொல்லவும் இல்லை. சட்டம் இருந்தால் போதாது, புத்தகத்தைத் தேடி ஒருவர் வாசலுக்கு வர வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் நான் என் சொந்த ஊர் எழுத்தாளர்களின் வாசலுக்குப் போனது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன்.

பதினொன்றரைக்குப் புத்தகம் வந்தது.

பழுப்பு நிறக் காகித உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளே கெட்டி அட்டை கட்டியிருந்தார்கள். அதற்குள் பழைய மேலட்டை அப்படியே, வெளிர் நீலத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தோடு. விலை ஒரு ரூபாய் ஐம்பது காசு. தாள் அந்தக் காலத்து மட்டத்தாள். ஓரம் தேயிலை நிறத்துக்கு வந்திருந்தது, மூலையை மடக்கினால் ஒடியும். ஆனால் ஒரு பக்கம் கூடக் குறையவில்லை. செல் அரித்த தடமே இல்லை. முன்பக்கத்தில் பென்சிலால் அந்தப் பகுப்பு எண்.

நான் சின்ன வயதில் பள்ளி ஆண்டு விழாவில் ஒப்பித்த பாட்டு இருபத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. ஏரி நிரம்பியதைப் பற்றிய பாட்டு. கடைசி நாலு வரி எனக்கு மறந்தே போயிருந்தது. எங்கள் நூலகப் பிரதியில் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி எப்போதுமே இருந்ததில்லை.

கேட்டதும் படம் எடுக்க அனுமதித்தார்கள். ஃபிளாஷ் வேண்டாம், புத்தகத்தை முழுக்க விரிக்க வேண்டாம் என்று ஒரு பஞ்சுத் தலையணையும் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். நிழல் விழுந்த பக்கங்களை மறுபடி எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து ஐயாவின் மகளுக்கு அனுப்பினேன். இந்தியாவில் இரவு பத்து மணி. நீலக் குறி உடனே விழுந்தது. வெகு நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது: "அக்கா, நன்றியுரையைப் பாருங்க. எங்க அம்மா பேரு போட்டிருக்காரு. வளையலைப் பத்தி எழுதியிருக்காரு. எங்களுக்கு இது தெரியாதே அக்கா."

வெளியே போய்க் கேட்டுவிட்டு உள்ளே வந்தேன். நன்றியுரைப் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன். உறைக்குள் வைத்து மேசையில் கொடுத்தேன். நூலகர் அம்மா சீட்டைச் சரிபார்த்து, திரும்பிப் போகும் தள்ளுவண்டியில் மூன்றாம் தட்டில் வைத்தார். திங்கட்கிழமை ஃபோர்ட் மீடுக்குப் போகும் என்றார்.